சிறையிலிருப்பவருக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வரும்போது பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்வது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

குற்றவாளிக்குத் தீர்ப்பு வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் வழக்குக் கடதாசிகளைக் கட்டி அலுமாரியில் வைத்துவிடுகின்றன. சில வருடங்கள் கழித்து, "அவர் வெளியே வந்திட்டாராம்" என்று சந்தையில் யாரோ சொல்லித்தான் செய்தி வருகிறது.

சட்டம் இதைவிட நல்ல இடத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம் முதலில் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. இப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. மன்னிப்போ தண்டனைக் குறைப்போ பரிசீலிக்கப்படும்போது அதுபற்றிய அறிவித்தல் உங்களுக்கு வரவேண்டும். குற்றம் உங்கள் உடலை, மனதை, வருமானத்தை, தொழிலை எப்படிப் பாதித்தது என்பதை, இச்சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அதிகாரசபை ஊடாக, முடிவெடுப்பவருக்கு நீங்கள் சமர்ப்பிக்கலாம்.

அறிவித்தல் வர ஒரு முகவரி வேண்டும். இந்த வேலையில் அதிகம் தவறுவது அங்கேதான். அதனால் கீழேயுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கடிதம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் விடுதலைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் பயன் குறைவு.

## 1. எந்த வகை விடுதலை என்று முதலில் பிரித்தறியுங்கள்

"பரோல்" என்றதும் இந்தியச் செய்திகளிலும் படங்களிலும் பார்த்தது நினைவுக்கு வரும். பாதிக்கப்பட்டவரை ஒரு சபை முன் உட்காரவைத்து வாய்மொழியாகக் கேட்கும் அமர்வு இலங்கையில் வழக்கத்தில் இல்லை. இங்கே உங்கள் குரல் பெரும்பாலும் எழுத்தில்தான் போகும். எந்த வகை என்பதைப் பொறுத்து அந்த எழுத்து போகவேண்டிய இடம் மாறும்.

மேன்முறையீட்டுக்காலப் பிணை: தண்டனை பெற்றவர் மேன்முறையீடு செய்துவிட்டுப் பிணையில் வருவது. இது மன்னிப்பு அல்ல, வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் போகவேண்டியது நீதிமன்றத்துக்கு, சட்டத்தரணியோடு.

நன்னடத்தைக் கழிவு: சிறை விதிகளின்படி கணக்குப் பார்த்துக் கழிக்கப்படும் காலம். ஆளுக்காள் தனியாக மனுக் கேட்டு எடுக்கும் முடிவல்ல என்பதால் கடிதம் எழுதி இதைத் தடுக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். விடுதலைத் திகதியைத் தெரிந்துகொள்வதே இங்கு உங்கள் தேவை.

விசேட பொதுமன்னிப்பு: சுதந்திர தினம், வெசாக், நத்தார் போன்ற நாட்களில் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி வழங்குவது. தகுதி வரையறை வைத்து, பட்டியலாகப் போகும். பாரதூரமான குற்றங்கள் வழமையாக இதில் சேர்க்கப்படுவதில்லை.

தனிநபர் மன்னிப்பும் தண்டனை மாற்றமும்: அதே 34ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு கைதிக்கு மட்டும் வழங்கப்படுவது. மரண தண்டனைக் கைதியாக இருந்தால், வழக்கை விளங்கிய நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் விதப்புரை என்று மூன்றும் ஜனாதிபதிக்குப் போகவேண்டும். இந்த மூன்று மேசைகளையும் கடக்க எடுக்கும் காலம்தான் உங்களுக்கு இருக்கும் காலம்.

அனுமதிப்பத்திர விடுதலை: நீண்டகாலக் கைதியை நிபந்தனைகளோடு, தண்டனை முடியுமுன் வெளியே விடுவது. மற்ற நாடுகளில் பரோல் என்று சொல்வதற்கு நெருங்கியது இதுதான். இதற்கான பரிசீலனை சிறைச்சாலைத் திணைக்களத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே அதிகாரசபைக்கு அனுப்பும் எதற்கும் ஒரு பிரதி சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கும் போகவேண்டும்.

## 2. வழக்கு இன்னும் முடியவில்லையென்றால் இதை முதலில் செய்யுங்கள்

குற்றவாளி என்று தீர்ப்பான பின்பு, தண்டனை தீர்மானிக்கப்படுமுன், உங்கள் பாதிப்பை நீதிமன்றத்துக்கு நேரிலோ சட்டத்தரணி மூலமோ சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். தீர்ப்பும் தண்டனையும் சிலவேளை ஒரே நாளில் வந்துவிடுவதால், அன்று கையில் எழுத்து இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடும்.

இது பிற்காலத்துக்கும் முக்கியம். பத்து வருடம் கழித்து மன்னிப்புக் கோவையைத் திறப்பவர் பார்ப்பது வழக்கேட்டைத்தான். அதில் உங்கள் பாதிப்பு பதிவாகியிருந்தால் பின்னர் நீங்கள் எழுதுவதற்கு அதுவே அத்திவாரம்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மேல் நீதிமன்ற நடவடிக்கை தமிழில் நடக்கும். அம்பாறை நகர நீதிமன்றத்தில் சிங்களத்தில் நடக்கும் வழக்காக இருந்தால் உரைபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், அன்றைக்குக் காலையில் கேட்டால் தவணை போகும். பாதிக்கப்பட்டவர் சார்பில் சட்டத்தரணி தோன்றலாம் என்பதை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் ஏற்கிறது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டத்தரணி அரசுக்காகப் பேசுபவர். உங்கள் வீட்டு நிலைமை அவருக்குத் தானாகத் தெரியாது. தவணைக்கு முன் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுங்கள்.

## 3. நீங்கள் "பாதிக்கப்பட்டவர்" என்பதைக் காட்டும் கோவை

காயப்பட்டவர் மட்டும் பாதிக்கப்பட்டவர் அல்ல. கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரும் அவரில் தங்கியிருந்தவர்களும், பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தால் பெற்றோரும் பாதுகாவலரும் சட்டத்தின் வரைவுக்குள் வருவார்கள். ஆனால் உறவைக் காட்டும் கடதாசி வேண்டும்.

ஒரு தடித்த கோவையில் இவற்றைச் சேருங்கள்:

- பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. எந்தப் பொலிஸ் நிலையம், எந்தத் திகதி என்பது தெளிவாக இருக்கட்டும்.
- நீதவான் நீதிமன்ற வழக்கு இலக்கமும் மேல் நீதிமன்ற வழக்கு இலக்கமும். இவை இரண்டும் வேறு வேறு. ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் போன்ற இடங்களில் நீதவான் முன் தொடங்கிய வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனதும் புது இலக்கம் பெறும். சிறைச்சாலைப் பதிவோடு பொருந்துவது தண்டித்த நீதிமன்றத்தின் இலக்கம்.
- தீர்ப்பினதும் தண்டனைக் கட்டளையினதும் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி. நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து எடுக்கவேண்டும்.
- மரணச் சான்றிதழ், அல்லது சட்ட வைத்திய அறிக்கை பற்றிய விபரமும் கிளினிக் கொப்பிகளும்.
- திருமண, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி.
- கிராம உத்தியோகத்தரின் வதிவிட உறுதிப்படுத்தல்.

இங்கே திரும்பத் திரும்பக் காணும் பிழை பெயர் வேறுபாடு. முறைப்பாட்டில் வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு, திருமணச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் பின்னால் அலைச்சல் குறையும். மூலப்பிரதிகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். போட்டோக்கொப்பி போதும், கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

## 4. முகவரியைப் பதியுங்கள், மாறினால் திரும்பவும் பதியுங்கள்

பத்தரமுல்லையிலுள்ள தேசிய அதிகாரசபைக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். இது பாதிப்பைச் சொல்லும் கடிதமல்ல, அதைத் தனியாக எழுதவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் முகவரி மூன்றாம் பக்கத்தில் ஒளிந்துவிடும்.

கடிதத்தில் வரவேண்டியவை: கைதியின் முழுப்பெயர், வழக்கு இலக்கம், தண்டித்த நீதிமன்றம், தண்டனைத் திகதி, தண்டனை என்ன, உங்களுக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் என்ன உறவு. அதன்கீழ் இப்படி ஒரு பந்தி:

"மேற்படி கைதிக்கு மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு, தண்டனை மாற்றம் அல்லது அனுமதிப்பத்திர விடுதலை எதுவும் பரிசீலிக்கப்படுமிடத்து எனக்கு முன்கூட்டியே அறிவிக்குமாறும், முடிவெடுக்கப்படுமுன் என் பாதிப்புக் கூற்றைச் சமர்ப்பிக்க வாய்ப்பளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அறிவித்தலைத் தமிழில் அனுப்பவும்."

தமிழில் கேட்பது சலுகை அல்ல. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. கொழும்பிலுள்ள அரச அலுவலகத்தோடும் தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது.

இரண்டு முகவரி கொடுங்கள். எங்கள் பக்கத்தில் இது மிகவும் தேவை. வீட்டில் ஒருவர் கத்தாருக்கோ சவூதிக்கோ போகிறார், கல்யாணமான மகள் வேறு ஊருக்கு மாறுகிறாள், வெள்ளத்துக்குப் பிறகு குடும்பமே இடம்பெயர்கிறது. உங்கள் வீட்டு முகவரியோடு, இடம் மாறாத ஓர் உறவினரின் அல்லது உங்கள் சட்டத்தரணியின் முகவரியையும் சேருங்கள். தொலைபேசி இலக்கமும் இரண்டு. முற்கொடுப்பனவு சிம் மட்டும் கொடுத்தால், ஆறு மாதம் பாவிக்காமல் விட்டு அது செத்துப்போனபின் உங்களைத் தேடிப்பிடிக்க வழியில்லை.

ஒரே கடிதத்தின் பிரதிகளை கொழும்பு 9, பேஸ்லைன் வீதியிலுள்ள சிறைச்சாலைத் திணைக்களத் தலைமையகத்துக்கும் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். எல்லாம் பதிவுத் தபாலில். தபால் பற்றுச்சீட்டை அந்தக் கடிதத்தின் பிரதியிலேயே ஒட்டி வையுங்கள், ஏனென்றால் தனியே வைத்த சிட்டையில் மை மங்கி, எந்தக் கடிதத்துக்கு உரியது என்றே தெரியாமல் போகும். சிட்டையைப் போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், "முகவரி மாறவில்லை" என்று இரண்டு வரி எழுதுங்கள். மேசையில் ஆள் மாறும்போது பழைய கோவை அடியில் போகும். புதுக் கடிதம் அதை மேலே கொண்டுவரும்.

## 5. அறிவித்தலுக்காகக் காத்திராமல் விசாரியுங்கள்

சட்டம் அறிவிக்கச் சொன்னாலும் எல்லா அறிவித்தலும் நேரத்துக்கு வந்துசேரும் என்று நம்பியிருக்கக் கூடாது. பெப்ரவரி 4, வெசாக், டிசம்பர் 25 ஆகிய மூன்றையும் கலண்டரில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம் முன் அதிகாரசபையையும் சிறைச்சாலைத் திணைக்களத்தையும் விசாரியுங்கள். அதற்குப் பிறகு விசாரித்தால் பட்டியல் ஏற்கெனவே தயாராகியிருக்கலாம்.

எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதும் தெரியவேண்டும். மட்டக்களப்புச் சிறையில் விளக்கமறியலில் பார்த்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நீண்டகாலத் தண்டனை பெற்றவர்கள் வெலிக்கடை போன்ற பெரிய சிறைகளுக்கு மாற்றப்படுவார்கள். பழைய சிறைக்கு எழுதிய கடிதம் அங்கேயே கிடக்கும்.

வாய்மொழியில் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சிறைச்சாலைத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். நான்கு கேள்விகள் போதும்: இப்போது எந்தச் சிறை? கழிவுகளுக்குப் பின் கணிக்கப்பட்ட விடுதலைத் திகதி என்ன? மன்னிப்போ அனுமதிப்பத்திர விடுதலையோ கேட்டு ஏதும் நிலுவையில் உள்ளதா? பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டதா, எப்போது, எந்த முகவரிக்கு?

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். "அனுப்பவில்லை" என்ற எழுத்துமூலப் பதில் பிறகு நீதிமன்றம் போகவேண்டி வந்தால் உங்கள் மிகப் பெரிய ஆதாரம்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கைதியின் தனிப்பட்ட விபரம் என்று மறுக்கலாம். மறுத்தால், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் உங்களுக்குள்ள சட்ட உரிமையையும் பொதுநலனையும் காட்டி, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

## 6. பாதிப்புக் கூற்றை எழுதுவது

நேரம் எடுத்துச் செய்யவேண்டிய படி இது. அறிவித்தல் வந்தபிறகு தொடங்கினால் அவசரத்தில் அழுகையும் கோபமும்தான் கடதாசியில் இறங்கும். இப்போதே வரைந்து வைத்து, வருடாந்தக் கடிதம் அனுப்பும்போது புதுப்பியுங்கள்.

குற்றம் எப்படி நடந்தது என்பதை நீதிமன்றம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. அதைத் திரும்ப மூன்று பக்கம் எழுதவேண்டாம், இரண்டு வரி போதும். முடிவெடுப்பவரிடம் இல்லாதது ஒன்றுதான்: அதன்பிறகு உங்கள் வீட்டில் நடந்தது. இடம் முழுவதையும் அதற்குக் கொடுங்கள்.

மொத்தம் இரண்டு, மூன்று ஏ4 பக்கம். இந்த ஒழுங்கு வேலை செய்கிறது: நீங்கள் யார், அப்போது வீடு எப்படி இருந்தது, உடல், மனம், வருமானமும் கடனும், பிள்ளைகள், இன்று உள்ள பயம், என்ன கேட்கிறீர்கள்.

பொதுவாகச் சொன்னால் நிற்காது. "எங்கள் குடும்பம் சொல்லொணாத் துயரில் வாடுகிறது" என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"என் கணவர் வாவியில் மீன்பிடித்துக் கொண்டுவந்ததில் ஆறு பேர் சாப்பிட்டோம். அவர் கொல்லப்பட்டபின் தோணியையும் வலையையும் விற்றோம். மூத்த மகன் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனான். நகை அடகில் மூழ்கியது. பற்றுச்சீட்டு இணைப்பு 4."

காயத்தையும் அதேபோல் எழுதுங்கள். "கை ஊனமாகிவிட்டது" என்பதைவிட, "வலக்கையில் மூன்று விரல் மடியாது. வயலில் அரிவாள் பிடிக்க முடியாததால் காணியைக் குத்தகைக்கு விட்டேன். கிளினிக் கொப்பி இணைப்பு 2" என்பது பதில் சொல்ல முடியாத வாக்கியம்.

மனப்பாதிப்பை எழுதக் கூச்சப்படுகிறோம். தூக்கமில்லாமை, பிள்ளை இரவில் கத்தி எழும்புவது, திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ வெளியே போகாமல் விட்டது, இவையெல்லாம் சட்டம் கேட்கும் பாதிப்புகள்தான். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போய்வந்திருந்தால் அவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். பாதிக்கப்பட்டது பிள்ளையென்றால் அங்கேயே உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் எழுத உதவுவார். பிள்ளையை உட்காரவைத்து நடந்ததைத் திரும்பச் சொல்லச்சொல்லி எழுதாதீர்கள். தாயோ தகப்பனோ தாங்கள் கண்டதை எழுதினால் போதும்.

பயத்துக்கும் முகவரி கொடுங்கள். "அவர் வந்தால் எங்களுக்கு ஆபத்து" என்பதோடு நிற்காமல், "அவரது வீடும் எங்கள் வீடும் ஒரே ஒழுங்கையில். மகள் பள்ளிக்கூடம் போக வேறு பாதை இல்லை" என்று எழுதுங்கள். முன்பு மிரட்டல் நடந்திருந்தால் அந்தப் பொலிஸ் முறைப்பாட்டுத் திகதியையும் சேருங்கள்.

கேட்பதில் கவனமாக இருங்கள். "சாகும்வரை விடக்கூடாது" என்று மட்டும் எழுதினால், விடுவதென்று முடிவானபின் உங்கள் கடிதத்தில் எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. 34ஆம் உறுப்புரை நிபந்தனையுள்ள மன்னிப்புக்கும் இடம் தருகிறது. அதனால் இரண்டு அடுக்காகக் கேளுங்கள். முதலில், விடுதலையை ஏன் எதிர்க்கிறீர்கள். அடுத்து, அப்படியும் விடுவதானால் என்ன நிபந்தனைகள் வேண்டும்: எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் வரக்கூடாது, எம்மோடு நேரிலோ தொலைபேசியிலோ பேசக்கூடாது, விடுதலைத் திகதி எங்களுக்கு முன்பே சொல்லப்படவேண்டும், நீதிமன்றம் கட்டளையிட்ட நட்டஈடு பாக்கியிருந்தால் அது செலுத்தப்படவேண்டும்.

மன்னிக்க மனம் வந்திருந்தால் அதையும் எழுதலாம். அது முழுவதும் உங்கள் முடிவு. ஆனால் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மனம் இருக்காது. மனைவி ஒன்று நினைப்பார், தாய் வேறொன்று நினைப்பார். ஒரே கடிதத்தில் எல்லாரையும் கையொப்பமிடவைத்து யாருடையதும் ஆகாத ஒரு கடிதம் அனுப்புவதைவிட ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது நேர்மையானது, பலமானதும்கூட.

கடிதத்தை வீழ்த்தும் விடயங்கள் சில உண்டு. குற்றவாளியின் இனம், மதம், சாதி, ஊர் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டங்களில் அப்படியொரு வரி உங்கள் பாதிப்பை மறைத்துவிட்டு வேறு சண்டையைத் தொடக்கும். நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத வேறு குற்றங்களைச் சாட்டாதீர்கள். அவரது மனைவி பிள்ளைகளைக் குற்றம் சொல்லாதீர்கள். அரசியல்வாதியின் பரிந்துரைக் கடிதத்தை இணைக்காதீர்கள். அது உங்கள் சொல்லைவிட அவருடைய பெயரைப் பெரிதாக்கும்.

## 7. "ஆட்சேபனை இல்லை" என்ற கடிதம் கேட்டு வந்தால்

மன்னிப்புக்கு விண்ணப்பிக்கும் கைதியின் உறவினர் உங்களிடம் ஒரு கடிதம் கேட்டு வரலாம். ஊர்ப் பெரியவர்களோ கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தாரோ கூட வருவார்கள். மரியாதையாக உட்காரவைத்துப் பேசலாம். ஆனால் அன்றைக்கே கையொப்பம் வேண்டாம். வெற்றுக் கடதாசியிலோ வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள கடதாசியிலோ எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பிறகு உங்கள் எந்தச் சொல்லுக்கும் மதிப்பிராது. நெருக்குதலில் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தால், எந்தச் சூழலில் இட்டீர்கள் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து உடனே அதிகாரசபைக்கு அனுப்புங்கள். நாள் தள்ளத் தள்ள அந்தக் கடிதமே உங்கள் உண்மையான விருப்பம் என்று ஆகிவிடும்.

## 8. கையொப்பம், மொழிபெயர்ப்பு, அனுப்புதல்

ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் திகதியும். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால் சமாதான நீதவான் முன் வாசித்துக் காட்டி, விளங்கிக்கொண்டார் என்ற குறிப்போடு பெருவிரல் அடையாளம் வைக்கவேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத பெருவிரல் அடையாளத்தை யாரும் கேள்வி கேட்கலாம்.

தமிழிலேயே அனுப்பலாம். ஆனாலும் கொழும்பில் கடைசியாக வாசிப்பவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாசிப்பவராக இருக்கலாம் என்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பும் எடுத்து இணைப்பது என் பரிந்துரை. மூன்று பக்கத்துக்கும் காசு இல்லையென்றால் கேட்கும் பந்தியை மட்டுமாவது மொழிபெயர்க்கச் செய்யுங்கள். மொழிபெயர்ப்புக்காகத் தமிழ்க் கடிதத்தை ஒருநாளும் தாமதிக்காதீர்கள். பின்னால் வரும் என்று குறிப்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

கூற்றின் மூலப்பிரதி அதிகாரசபைக்கு. சட்டம் "அதிகாரசபை ஊடாக" என்று சொல்வதால் ஜனாதிபதி செயலகத்துக்கு மட்டும் அனுப்பினால், முறையாகக் கிடைக்கவில்லை என்று ஒதுக்க இடமிருக்கிறது. ஜனாதிபதி செயலகம், நீதி அமைச்சு, சட்டமா அதிபர், சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் ஆகியோருக்குப் பிரதி. ஒவ்வொன்றின் மேலும் "மூலப்பிரதி தேசிய அதிகாரசபை ஊடாகச் சமர்ப்பிக்கப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்பவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை நிலையங்களுக்குப் போகலாம். வருமானம் பார்த்துத்தான் உதவுவார்கள் என்பதால் கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழோடு போங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் வீண்.

## 9. அறிவிக்காமலேயே மன்னிப்புக் கொடுத்துவிட்டால்

நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில், அதாவது கொழும்பு புதுக்கடையில், தாக்கல் செய்யவேண்டும். உங்களுக்கு எப்போது, யார் மூலம் தெரியவந்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். பதவியிலுள்ள ஜனாதிபதியின் செயலை எதிர்ப்பதானால் சட்டமா அதிபருக்கு எதிராகவே மனுப் போகும்.

மன்னிப்பு நீதிமன்றத்தால் தொடமுடியாத ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2021 ஜூனில் துமிந்த சில்வாவுக்கு வழங்கப்பட்ட மன்னிப்பை, கொல்லப்பட்ட பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் மனைவியும் மகளும் உள்ளிட்டோர் தாக்கல் செய்த மனுக்களில், 2024 ஜனவரி 17 அன்று உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. ரோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்கு 2019 நவம்பரில் வழங்கப்பட்ட மன்னிப்பும் 2024 ஜூன் 6 அன்று செல்லாது என்று தீர்க்கப்பட்டது. இரண்டிலும் நீதிமன்றம் பார்த்தது, மன்னிப்பு எந்த நடைமுறையில், எந்தக் காரணத்தில் வழங்கப்பட்டது என்பதை. அதனால்தான் நீங்கள் அனுப்பிய பதிவுத் தபால் சிட்டைகளும் தகவல் அலுவலரின் பதிலும் இங்கே உயிர்நாடி.

ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போகமுடியாத நிலையென்றால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டும் ஆணைக்குழுக் கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

பொதுமன்னிப்பில் வெளியே வந்தார் என்று கேள்விப்பட்டால் பட்டியலில் பெயர் உண்மையில் இருந்ததா என்றும் கேளுங்கள். 2025 வெசாக்கின்போது ஜனாதிபதி அனுமதித்த பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் அநுராதபுரச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டது பின்னர்தான் வெளிப்பட்டது.

## 10. வெளியே வந்தபின்

விடுதலைத் திகதி தெரிந்த அன்றே அதிகாரசபைக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுதலாம். உங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் எழுத்தில் கொடுத்து, பதிவு இலக்கம் வாங்குங்கள். பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவது, பழிவாங்குவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக்குற்றம். "கதவைத் தட்டி ஒன்றும் செய்யவில்லை, பார்த்துவிட்டுப் போனார்" என்பதையும் திகதி, நேரத்தோடு எழுதி முறைப்பாடு செய்யுங்கள். முதல் தடவை பதியாவிட்டால் மூன்றாம் தடவை நடப்பதையும் முதல் சம்பவமாகத்தான் பார்ப்பார்கள்.

அவரது படத்தையோ உங்கள் கூற்றையோ முகநூலில் போடாதீர்கள். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் குற்றமாகும். உறவினர் ஆத்திரத்தில் போட்டாலும் அதே பிரிவுதான். தெரிவிக்கவேண்டியதைக் கோவை இலக்கத்தோடு அதிகாரசபைக்கும் பொலிஸுக்கும் எழுதி, அதன் சிட்டையையும் பழைய சிட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.